ஐயாவின் எஸ்டீமும் பட்டறையில் கிடக்கும் கேட்-கானும்

வந்த கடிதம்

காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து இருபத்தெட்டு வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கத்தில் எழுதியிருக்கிறார். அவருடைய பெயரையும் ஊரையும், வீட்டை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களையும் விட்டுவிட்டு, ஆலோசனைக்குத் தேவையானதை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய ஐயா (அப்பாவின் அப்பா) 2006 நவம்பரில் ஒரு மாருதி எஸ்டீம் வாங்கினார். பதினைந்து ஆண்டு முடிந்தபோது அவரே அலைந்து, 2021இல் பதிவைப் புதுப்பித்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஐயா காலமானார். வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கும் பேரன்தான் இப்போது வண்டியைப் பார்த்துக்கொள்கிறார். திருமயம் சாலையில் ஏறினால் வண்டி முன்போல் இழுப்பதில்லை, வேகம் கூடும்போது மூச்சு வாங்குகிறது என்று தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டியிருக்கிறார். "கேட்-கான்தான் கழுத்தை நெரிக்கிறது" என்று சொன்ன மெக்கானிக், புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் அந்தக் கேடலிடிக் கன்வர்ட்டரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் வெறும் குழாயை வைத்து வெல்டிங் செய்து கொடுத்திருக்கிறார். பெட்ரோல் டேங்கின் ஆவியைப் பிடித்துவைக்கும் கரிப் பெட்டியும் "தேவையில்லாத சாமான்" என்று கழற்றப்பட்டது. பத்து நாளாக வண்டி அப்படியே ஓடுகிறது. பிடித்திருந்தால், புகையை அதிகத் தடையில்லாமல் வெளியேற்றும் ஃப்ரீ-ஃப்ளோ சைலன்சர் ஒன்றை நிரந்தரமாகப் பொருத்துவது என்றும், பழைய கேட்-கானை எண்ணாயிரம் ரூபாய்க்குக் கழித்துக்கொள்வது என்றும் பேச்சு.

அவர் கேட்பது மூன்று. பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்கும் புகை விதிகள் பொருந்துமா? வரும் நவம்பரில் பதிவு மறுபடி முடியும்போது, ஆய்வுக்கு மட்டும் பழைய சாமானை மாட்டிக்காட்டிவிட்டுப் பிறகு கழற்றிக்கொள்ளலாமா? விபத்து ஏதும் நேர்ந்தால் காப்பீடு கிடைக்குமா?

மூன்றாம் பக்கத்தின் நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி இருக்கிறது: "பேட்டரி இறங்கக்கூடாது என்று தினமும் மாலையில் ஷெட்டிலேயே கால் மணி நேரம் ஸ்டார்ட் செய்து வைப்பேன், அடுத்த அறையில் இருக்கும் அப்பத்தா, இந்தக் குழாய் மாட்டியதிலிருந்து தலை வலிக்கிறது, குமட்டுகிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார், வயதானவர்களுக்கு எதையும் மாற்றினால் பிடிக்காது."

தம்பிக்கு

நான் மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர். சட்டத்துக்கு வருவதற்கு முன்பு காரைக்குடி அழகப்பா செட்டியார் பொறியியல் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் படித்தவள் என்பதால், பழைய வண்டியின் மீது ஒருவருக்கு ஏற்படும் பற்று எனக்கு நன்றாகப் புரியும். ஐயா கைப்பட எழுதிய சர்வீஸ் நோட்டை இன்றும் பத்திரமாக வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பற்றை மதித்தே இந்தப் பதிலை எழுதுகிறேன். ஆனால் நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் முன்பாக, நீங்கள் கேள்வியாகவே கருதாத அந்த ஒரு வரியைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் அப்பத்தாவின் தலைவலி

பெட்ரோல் முழுமையாக எரியாதபோது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல், காரணமில்லாத சோர்வு ஆகியவையே அதன் முதல் அடையாளங்கள். உங்கள் அப்பத்தா சொல்வது அச்சு அசலாக இவைதாம். இதை முதுமையின் முணுமுணுப்பு என்று தள்ளிவிடாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

அளவைக் கொண்டு பார்த்தால் இதன் கடுமை விளங்கும். உங்கள் வண்டியின் காலத்து பெட்ரோல் காருக்குப் புகைப் பரிசோதனையில் அனுமதிக்கப்படும் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதம், அதாவது குழாய் முனையில் பத்து லட்சம் பங்கு புகையில் 5,000 பங்கு. மனிதர் சுவாசிக்கும் காற்றிலோ பத்து லட்சத்தில் 1,200 பங்கு இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்று தொழில் பாதுகாப்பு அளவுகோல்கள் சொல்கின்றன. ஆகவே, சோதனையில் நன்றாகத் தேறிய வண்டியின் புகைகூட மூடிய அறைக்குள் விடத்தக்கதன்று. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் கூடுதலாகப் பாய்வதால் அந்த வாயு பல மடங்கு பெருகும். கேட்-கான் 250 முதல் 300 டிகிரி வரை சூடேறிய பிறகே வேலை செய்யத் தொடங்கும் என்பதால், அது பூட்டியிருந்தாலும் முதல் சில நிமிடங்களுக்குக் காவல் இல்லை. இப்போது அந்தக் காவலும் இல்லாமல், தினமும் கால் மணி நேரம்.

நம் வட்டாரத்து வீடுகளின் அமைப்பையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். முகப்பிலிருந்து வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் வீட்டில், நடுவே வானம் பார்த்த முற்றம் சூடான காற்றை மேலே விட்டு, பக்கத்து வாசல்களின் வழியே காற்றை உள்ளே இழுக்கும். கோடையில் அந்த வீடுகள் குளிர்ச்சியாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் பின்கட்டை ஒட்டிய ஷெட்டில் வண்டி ஓடினால், அதே இழுப்பு புகையை அறைகளின் வழியாகவே கொண்டுபோகக்கூடும். பத்து நாளுக்கு முன்பு இல்லாத தலைவலி இப்போது வந்ததற்கு வேறு காரணமும் இருக்கலாம். அதைத் தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவர். எனவே இன்றே அப்பத்தாவை அவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எந்த நேரத்தில் வலி கூடுகிறது, வண்டி எப்போது ஓடியது என்ற விவரங்களையும் சொல்லுங்கள். இரத்தத்தில் இந்த வாயு ஏறியிருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை உண்டு. நல்ல காற்றில் சில மணி நேரம் இருந்தாலே அளவு இறங்கிவிடும் என்பதால், பிறகு எடுத்த பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்றால் நிம்மதி அடைந்துவிட முடியாது.

பேட்டரிக்காகத்தான் ஓட்டுகிறேன் என்கிறீர்கள். நின்ற இடத்திலேயே ஐடிலில் கால் மணி நேரம் ஓடுவதால் பேட்டரி பெரிதாக ஏறிவிடாது. எஞ்சின் முழுச் சூடு அடையாமல் நிற்பதால் பிளக்கில் கரி படியும், எரியாத பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் கலக்கும், புகையோடு வரும் நீர் சைலன்சருக்குள் தங்கித் துருவாகும். வாரத்தில் ஒரு நாள் வெளியே எடுத்து அரை மணி நேரம் ஓட்டுங்கள்; வெளியூர் போவதானால் பேட்டரியின் மைனஸ் கம்பியைக் கழற்றி வையுங்கள். வண்டி மூச்சு வாங்குவதற்கு இந்த மாலை வழக்கமே ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஐயம்.

கரிப் பெட்டியையும் இதே கண்ணால்தான் பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் டேங்கில் எழும் பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைத்து, எஞ்சின் ஓடும்போது அதை உள்ளே அனுப்பி எரிப்பதற்காக வைத்தது அது. அது இல்லாதபோது அந்த ஆவி உங்கள் ஷெட்டில்தான் நிற்கும். சாமி அறையில் விளக்கு எரியும் ஒரு வீட்டில், சுவருக்கு அப்பால் பெட்ரோல் ஆவியைச் சேர விடுவது எவ்வளவு அபாயம் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

கேட்-கான் கழுத்தை நெரிக்கிறதா?

மெக்கானிக் சொன்னது முழுப் பொய் அன்று. தேன்கூடு போன்ற பீங்கான் கட்டியின் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்களை மெல்லிய பூச்சாகப் பூசி, அந்த நுண்ணிய துளைகளின் வழியே புகையைச் செலுத்தும் பொருள்தான் கேட்-கான். நல்ல நிலையில், சூடேறிய பிறகு, அது நச்சு வாயுக்களில் மிகப் பெரும் பகுதியைக் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் நைட்ரஜனாகவும் மாற்றிவிடுகிறது. அந்தத் துளைகள் உருகியோ அடைத்தோ போனால் எஞ்சின் உண்மையிலேயே மூச்சுத் திணறும். ஆனால் நல்ல கேட்-கானைக் கழற்றுவதால், டர்போ இல்லாத 1.3 லிட்டர் எஞ்சினில் கிடைக்கும் கூடுதல் வலு ஓட்டுபவர் உணரும் அளவுக்கு இருப்பதில்லை. சத்தம் கூடுவதை வேகம் கூடியதாக மனம் எடுத்துக்கொள்வது இயல்பு. உங்கள் கடிதத்திலும் "சத்தமே தனி" என்று இரண்டு இடத்தில் இருக்கிறது. எத்தனை நொடியில் எந்த வேகத்தை எட்டுகிறது என்ற கணக்கு ஓரிடத்திலும் இல்லை.

அடைத்திருக்கிறதா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, அளந்துவிடலாம். கேட்-கானுக்கு முன்னால் உள்ள ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தமானியைப் பொருத்திப் பார்ப்பது பழைய முறை. அழுத்தம் ஐடிலில் ஒன்றரை பிஎஸ்ஐக்குள்ளும், எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்றில் ஓடும்போது மூன்று பிஎஸ்ஐக்குள்ளும் இருந்தால் அடைப்பு இல்லை என்று கொள்ளலாம். உங்கள் வண்டியில் இப்படி அளந்ததாக நீங்கள் எழுதவில்லை. அளக்காமல் அறுத்தது முதல் தவறு.

அடைத்திருந்தாலும் அது தானாக அடைப்பதில்லை. ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் பச்சைப் பெட்ரோலை வெளியே தள்ளினால், அது கேட்-கானுக்குள் எரிந்து பீங்கானை உருக்கும். வால்வு சீல் தேய்ந்து ஆயில் எரிந்தால், அதிலுள்ள பாஸ்பரஸ் பூச்சின் மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்யும். ஆக்சிஜன் சென்சார் சோர்ந்துபோனால் காற்றோடு சேரும் கலவையில் பெட்ரோல் எப்போதும் கூடுதலாகவே இருக்கும். எஞ்சின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் திறந்தே நின்றுவிட்டால் எஞ்சின் சூடேறாமல் அதே கதைதான். இந்த நோய்களில் எது இருந்தாலும் கேட்-கானைக் கழற்றிய பிறகும் அப்படியே இருக்கும். அடையாளம் காட்டிக்கொண்டிருந்த ஒன்றை மட்டும் அகற்றியிருப்பீர்கள். இருபது ஆண்டுப் பழைய எரிபொருள் ஹோஸ்களையும் சீல்களையும் கூடவே பார்க்கச் சொல்லுங்கள். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்கு எரிதிறன் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, பழைய ரப்பரையும் அது இளக்கும். இழுவை குறைந்ததில் இதற்கும் சிறு பங்கு இருக்கலாம்.

பழைய வண்டிக்கு விதி இல்லை என்பது

இது பலரிடமும் இருக்கும் தவறான எண்ணம். பிஎஸ்-6 (பாரத் ஸ்டேஜ் என்னும் புகைத் தரத்தின் ஆறாம் கட்டம்) வண்டிகளுக்குத்தான் கெடுபிடி, நம் வண்டி அதற்கு முந்தியது என்று நீங்கள் வாதிடுகிறீர்கள். சட்டம் உங்கள் எஸ்டீமை 2020க்குப் பிறகு வந்த அளவுகோலால் அளக்கவில்லை என்பது உண்மை. அது வெளிவந்த காலத்தின் அளவுகோலால் அளக்கிறது, அவ்வளவுதான். 2005 ஏப்ரல் முதல் நாடு முழுவதற்கும் பிஎஸ்-2 வந்துவிட்டது. அந்த வகைப் பெட்ரோல் காருக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 750 பங்கு என்பது வரம்பு. அதற்கு முந்திய கார்களுக்கு இது 3 சதவீதமும் 1,500 பங்கும். "எங்கள் பெரியப்பா வீட்டு வண்டி கேட்-கான் இல்லாமலேயே தேறிவிடுகிறதே" என்று நீங்கள் கேட்பதற்கான விடை இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. அந்த வண்டிக்கு உள்ள தளர்வு உங்கள் வண்டிக்குக் கிடையாது.

சான்று வாங்குவது ஒரு கடமை. வண்டியை மாற்றாமல் இருப்பது வேறொரு கடமை. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்டதற்கு மாறாகப் பதிவுச் சான்றின் விவரங்கள் அமையும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பான முறையில் உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம் 182ஏ பிரிவைச் சேர்த்தது: அனுமதியில்லாத முறையில் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். காற்று மாசு, ஒலி ஆகியவற்றின் தரத்தை மீறிய வண்டியைப் பொது இடத்தில் ஓட்டினால் 190ஆம் பிரிவின்படி முதல் முறை மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், அத்துடன் மூன்று மாதம் ஓட்டுநர் உரிமத் தகுதி இழப்பு. நடைமுறையில் இத்தகைய வழக்குகளில் சிறைக்குப் போனவரை நான் பார்த்ததில்லை. ஆனால் உரிமம் மூன்று மாதம் முடங்கினால் என்ன ஆகும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

"வின்டேஜ்" என்று பதிந்துகொள்ளலாமா என்றும் இடையில் எழுதியிருக்கிறீர்கள். 2021இல் வந்த அந்த விதி ஐம்பது ஆண்டைக் கடந்த வண்டிகளுக்கானது. அவையும் அசல் வடிவில் இருக்க வேண்டும், அன்றாட ஓட்டத்துக்குப் பயன்படுத்தக்கூடாது. நம் வட்டாரத்துப் பெரிய வீடுகளின் ஷெட்டில் துணி போர்த்தி நிற்கும் பழைய சீமைக் கார்கள் சிலவற்றுக்கு அது பொருந்தலாம். உங்கள் எஸ்டீம் அந்த வயதை எட்ட இன்னும் முப்பது ஆண்டு இருக்கிறது, அப்போதும் அசல் சாமான் இருந்தால்தான் மதிப்பு.

ஆய்வுக்கு மட்டும் மாட்டிக்காட்டுவதைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன்: அந்த யோசனைக்கு நான் வழி சொல்லமாட்டேன். நவம்பரில் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்க்கும் ஒரு நாளுக்காக அந்த விதி எழுதப்படவில்லை. வண்டி சாலையில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்குமானது அது. உங்கள் வகை வண்டிக்குப் புகைச் சான்று ஆறு மாதத்துக்குத்தான் செல்லும்; ஆகவே இந்த நாடகத்தை ஆண்டுக்கு இரண்டு முறை ஆட வேண்டிவரும். வண்டி வராமலேயே சான்று எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது பொய்ச் சான்றை உண்மைபோலப் பயன்படுத்தும் குற்றம். மோட்டார் வாகன அபராதத்தைத் தாண்டி, குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் கீழ் வழக்காகக்கூடியது. அந்த ஆளின் பக்கம் போகாதீர்கள்.

வண்டி யாருடையது?

"அப்பச்சி மூத்த மகன், ஆகவே வண்டி எங்களுக்கு" என்று உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மூத்தவருக்கென்று தனிப் பங்கு கிடையாது. ஐயா தம் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கி, உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், அப்பத்தாவுக்கும் அப்பச்சிக்கும் சித்தப்பாவுக்கும் இரண்டு அத்தைமாருக்கும் சமமான பங்கு உண்டு. கட்டிக்கொடுத்த பெண்களுக்குக் காரில் என்ன பங்கு என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பங்கு உண்டு என்பதே சட்டத்தின் விடை. அப்படியானால், ஐந்து பேருக்கு உரிய பொருளிலிருந்து ஒரு பகுதியைக் கழற்றி எண்ணாயிரத்துக்குக் கொடுக்கும் உரிமை பேரனாகிய உங்களுக்கு இல்லை. அந்த ஐவரில் ஒருவர்தான் தலை வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

இதைவிட அவசரமான ஒன்று உண்டு. ஆர்.சி. இன்னும் ஐயாவின் பெயரிலேயே இருக்கிறது. உரிமையாளர் இறந்தால், வண்டியை வைத்துக்கொள்ளும் வாரிசு முப்பது நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் படிவம் 31இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு ஆண்டு ஓடிவிட்டது. தாமதத்துக்குக் கட்டணம் இருக்கும், கட்டிவிடலாம். தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதத்தோடு ஒருவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நவம்பர்ப் புதுப்பிப்புக்குப் படிவம் 25ஐப் பதிவு முடிவதற்கு அறுபது நாளுக்கு உள்ளாகத்தான் கொடுக்க முடியும் என்பதால், பெயர் மாற்றத்தை அதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

காப்பீடு

காப்பீட்டை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். உங்கள் வண்டியால் வேறொருவருக்குக் காயமோ மரணமோ நேர்ந்தால், அவருக்கான இழப்பீட்டிலிருந்து காப்பீட்டு நிறுவனம் எளிதில் விலகிவிட முடியாது. அதன் எதிர்வாதங்களைச் சட்டத்தின் 150ஆம் பிரிவு குறுக்கி வைத்திருக்கிறது. ஆனால் முக்கியமான உண்மையை மறைத்துப் பாலிசி வாங்கினார் என்று நிறுவனம் நிறுவினால், பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு அந்தத் தொகையை உரிமையாளரிடம் வசூலிக்க நீதிமன்றம் அனுமதிக்கக்கூடும். இலட்சக்கணக்கான தொகை அது.

சொந்த வண்டியின் சேதத்துக்கு நிலைமை இன்னும் கடினம். புகைச் சான்று இல்லை என்ற ஒரே காரணத்துக்காக இழப்பீட்டை மறுக்கக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. நீங்கள் படித்த செய்தி அதுதான். ஆனால் சான்று இல்லாததும், தெரிவிக்காமல் வண்டியை மாற்றியதும் வேறு வேறு. பல ஆண்டுகளுக்கு முன்பு என்னிடம் வந்த ஒரு தீ விபத்து வழக்கில், சேதத்தை மதிப்பிட வந்த அளவையாளர் எரிந்த வண்டியின் அடியில் படுத்து எடுத்த முதல் படமே வெல்டிங் செய்த வெறும் குழாயின் படம்தான். தரைவிரிப்பை ஒட்டி, வெப்பத் தகடு இல்லாமல் அது ஓடிக்கொண்டிருந்தது. தீ அங்கிருந்துதான் பிடித்தது என்று இறுதிவரை நிரூபிக்கப்படவில்லை. அங்கிருந்து பிடிக்கவில்லை என்று எங்களாலும் நிரூபிக்க முடியவில்லை. கேட்ட தொகையில் பாதிக்கும் குறைவாகச் சமரசம் செய்துகொண்டு அந்தக் குடும்பம் திரும்பிப் போனது. உங்கள் பாலிசியும் ஐயாவின் பெயரிலேயே இருந்தால், இந்த வாதங்களுக்கெல்லாம் முன்பே நிறுவனத்துக்கு ஒரு மறுப்புக் காரணம் கையில் இருக்கிறது.

இனி என்ன செய்யலாம்

கேட்-கான் இன்னும் விற்கப்படவில்லை என்பதே உங்களுக்கு வாய்த்த நல்வாய்ப்பு. நாளைக் காலையிலேயே பட்டறைக்குப் போய் அதையும் கரிப் பெட்டியையும் வாங்கிவிடுங்கள். எஸ்டீம் உற்பத்தி 2007இலேயே நின்றுவிட்டதால், கைவிட்டுப் போனால் அதே பொருள் எளிதில் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். வாங்கும்போது ஒரு முனையில் டார்ச் அடித்து மறு முனையில் பாருங்கள். சீரான தேன்கூட்டுத் துளைகள் தெரிய வேண்டும். உள்ளே இருக்கும் கட்டியை உடைத்து எடுத்துக்கொண்டு வெறும் கூட்டை மட்டும் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு; அதிலுள்ள உலோகத்துக்குத்தான் அந்த எண்ணாயிரம். மெக்கானிக்கை நீங்கள் அண்ணன் என்று மரியாதையாகக் குறிப்பிடுகிறீர்கள். சண்டை வேண்டாம், "வீட்டில் பங்காளிகள் கேட்கிறார்கள்" என்று சொன்னாலே போதும், அது உண்மையும்கூட. தர மறுத்தால், என்னென்ன சாமான் கழற்றப்பட்டது என்பதை வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டு அவருடைய பதிலைச் சேமித்துக்கொள்ளுங்கள். அது கையிலிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

கட்டி உடையாமல் இருந்தால் அதையே திரும்பப் பூட்டி, நான் மேலே சொன்ன அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். உருகியிருந்தால், முதலில் நோயைத் தீர்த்துவிட்டு, அதே தரத்துக்கு உரிய புதியதைப் பொருத்துங்கள். செலவு கூடுதல்தான், ஆனால் ஃப்ரீ-ஃப்ளோவுக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதி அதற்கே போகட்டும். மீதியை வண்டி உண்மையில் கேட்கும் இடங்களில் செலவிடுங்கள்: பிளக், அதற்கு மின்சாரம் கொண்டுபோகும் எச்.டி. ஒயர், ஆக்சிஜன் சென்சார், இன்ஜெக்டர் சுத்தம், எரிபொருள் ஹோஸ், வால்வு இடைவெளி. சஸ்பென்ஷன் புஷ்களையும் பிரேக்கையும் புதுப்பித்து, நிறுவனம் குறிப்பிட்ட அளவில் நல்ல டயர் போட்டுப் பாருங்கள். இவை எதற்கும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வண்டியின் நடையில் இவை தரும் வித்தியாசம் எந்தச் சைலன்சர் தருவதையும்விடக் கூடுதல் என்பதை என் சொந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

எஞ்சினையே மாற்ற விரும்பினால், முன்கூட்டியே பதிவு அதிகாரியின் அனுமதி பெற்று, மாற்றிய பதினான்கு நாளுக்குள் ஆர்.சி.யில் பதிந்துகொள்ள வழி இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட கிட் கொண்டு எரிவாயுவுக்கு மாற்றுவதற்கும் அப்படியே. பந்தயத் தடத்தில் ஓட்டும் ஆசை இருந்தால், கோவைக்கு அருகே செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. ஆனால் அதற்கென்று மாற்றிய வண்டி அங்கே லாரியில் ஏறித்தான் போக வேண்டும், திருச்சிச் சாலையில் ஓடிப் போகக்கூடாது. ஐயாவின் வண்டியை அதற்குக் கொடுக்க உங்களுக்கே மனம் வராது என்று நினைக்கிறேன்.

அப்பத்தாவை மருத்துவரிடம் காட்டும்வரை அவரை முகப்புப் பக்கத்து அறைக்கு மாற்றுங்கள். கேட்-கானும் கரிப் பெட்டியும் பூட்டிப் புகைச் சான்று வாங்கும்வரை வண்டி ஷெட்டுக்குள் வர வேண்டாம், வேப்பமரத்தடியிலேயே நிற்கட்டும். அதன் பிறகும், ஷெட்டிலிருந்து வண்டியைத் தள்ளி வெளியே கொண்டுவந்த பின்பே சாவியைத் திருப்புங்கள். வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது அத்தைமாரிடம் கையெழுத்துக் கேட்கப் போவீர்கள் அல்லவா, அந்த வண்டியிலேயே போய்க் கேளுங்கள்.